ஆறு கடைக்குள்ள வந்தா கணக்கு எங்க இருக்கும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பஸ் நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகமும் தண்ணீருக்குள் நின்றன.

ஜங்ஷன் பக்கம் மொத்த மருந்து வியாபாரம் செய்யும் நண்பர் ஒருத்தர் அந்த வாரம் சொன்னது இது: "சிபியூவ மேசை மேல தூக்கி வச்சிட்டுத்தான் அண்ணாச்சி போனேன். மேசையே மிதந்துட்டு." பேக்கப் எடுத்து வைத்திருந்தார். அந்த பென் டிரைவ் அதே மேசையின் டிராயரில் இருந்தது. சரக்கு போனதைவிட, எந்தச் சரக்கு எவ்வளவு போச்சு, யார் எவ்வளவு பாக்கி தரணும் என்று சொல்லும் கணக்கு போனதுதான் பெரிய அடி. இன்சூரன்ஸுக்குக் கேட்ட இருப்புப் பட்டியலை நினைவிலிருந்து எழுதினார்.

அவரிடம் இப்போ ஒருத்தர் "க்ளவுட் டேட்டாபேஸ், பிசினஸ் இன்டெலிஜென்ஸ் ரெண்டும் சேர்ந்து ஒரே பேக்கேஜ்" என்று வந்து நிற்கிறார். வாங்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல்ல, இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். க்ளவுட் என்பது கணக்கு எங்கே இருக்கிறது என்பது. பிஐ என்பது அந்தக் கணக்கிடம் நீங்க என்ன கேட்கிறீங்க என்பது. ஒன்றுக்கு ஆமாம் சொன்னால் மற்றதுக்கும் சொல்லணும்னு இல்லை.

க்ளவுட்

க்ளவுட் டேட்டாபேஸ் என்றால் வேறொரு ஊரில் வேறொருவர் பராமரிக்கும் கணினியில் உங்க டேட்டாபேஸ் ஓடுகிறது, அவ்வளவுதான். நல்ல பயன் ஒன்று: தவறுதலாக ஒரு லெட்ஜரை அழித்துவிட்டால், அழிப்பதற்கு முந்தைய நிமிடத்துக்கே திரும்பிப் போகலாம். அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் இப்படி அதிகபட்சம் 35 நாள் பின்னால் போக முடியும். ஃபைலை டிரைவில் சும்மா சிங்க் பண்ணி வைப்பது இதுக்கு ஈடாகாது. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும்.

ஆனா மூன்று விஷயம் யோசிக்கணும். ஒன்று, மீட்டர். கடை பூட்டியிருந்தாலும் டேட்டாபேஸ் ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் பில் ஏறும். இரண்டு, இன்டர்நெட். அந்த வெள்ளத்தில் பல இடங்களில் கரண்டும் செல்போன் சிக்னலும் நாள்கணக்கில் இல்லை. கணக்கு பத்திரமாக இருந்திருக்கும், எடுத்துப் பார்க்கத்தான் வழி இருந்திருக்காது. மூன்று, க்ளவுட்டும் ஒரு கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. பேக்கப்பும் அதே இடத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள். நம்ம டிராயர் பென் டிரைவ் கதையேதான், அளவுதான் பெரிசு.

அதனால என் கணக்கு இப்படி. ஒரே கடை, ஒன்றிரண்டு பேர் பில் போடுறாங்க என்றால் முழு க்ளவுட் டேட்டாபேஸ் தேவையில்லை. மென்பொருள் கடையிலேயே ஓடட்டும். தினமும் ராத்திரி ஒரு பிரதி, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள சர்வருக்குப் போகட்டும். சென்னை வேண்டாமே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அந்த ஊரும் மூழ்கித்தான் கிடந்தது. பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி என்று கிளைகள் வந்து, எல்லாரும் ஒரே இருப்பை ஒரே நேரத்தில் பார்க்கணும் என்கிற நிலை வரும்போது க்ளவுட் டேட்டாபேஸுக்குப் பணம் கொடுக்கலாம்.

சட்டமும் இருக்கு. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கணும். கம்பெனியாகப் பதிவு செய்தவங்க மின்னணுக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கணும்.

பிஐ

நம்ம ஊரில் பிஐ ரொம்ப காலமாக இருக்கு. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. இன்றைக்கு எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு என்று தினமும் பேப்பரில் வரும். கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறக்க முடியுமா, நாற்று பாவலாமா என்ற முடிவு அந்த எண்ணைப் பார்த்துத்தான் நகரும். ஒரு எண், அதைப் பார்த்து ஒரு முடிவு. எந்த முடிவையும் மாற்றாத எண்ணை கலர் கலராக வரைந்து காட்டினால் அது சுவரில் மாட்டும் காலண்டர்தான்.

நண்பரிடம் கேட்டேன்: "எந்த எண் தெரிஞ்சா நாளைக்கு வேற மாதிரி கொள்முதல் பண்ணுவீங்க?" கொஞ்சம் யோசித்து மூன்று சொன்னார். அடுத்த 90 நாளில் காலாவதியாகும் மருந்துகள். 60 நாளைத் தாண்டிய பாக்கி. ஆறு மாதமாக நகராத சரக்கு. மூன்றையும் எக்ஸெல் பிவட் டேபிளில் பார்க்கலாம். அதுக்குத் தனி மென்பொருள் வேண்டாம்.

தடை வேற இடத்தில் இருந்தது. ஒரே மாத்திரை மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் மூன்று ஐட்டமாகப் பதிவாகியிருந்தது. எவ்வளவு விலை கொடுத்து டேஷ்போர்டு வாங்கினாலும் அது மூன்று மருந்து என்றுதான் காட்டும். சரிபார்க்கும் வேலையை ஆள் உட்கார்ந்துதான் செய்யணும். கருவிக்குப் பஞ்சமில்லை. பிஐ மென்பொருளும் விற்கும் ஸோஹோவின் அலுவலகமே தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் இருக்கு.

கடைசியில் நாங்க பேசி முடித்தது: இந்த மாதம் வெளியூர் பேக்கப். அடுத்த மூன்று மாதம் ஐட்டம் பெயர்களைச் சரிசெய்து, அந்த மூன்று பட்டியலையும் வாரம் ஒரு தடவை பார்ப்பது. அதைப் பார்த்து ஒரு கொள்முதலாவது மாறியிருந்தால், அப்புறம் பிஐ பற்றிப் பேசலாம். அது வரைக்கும் பேக்கேஜ்காரரைக் காத்திருக்கச் சொல்லியாச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு லேப்டாப்பில் பேக்கப்பை இறக்கித் திறந்து பார்த்தோம். முதல் தடவை திறக்கலை. கடவுச்சொல்லை எழுதி வைத்த நோட்டு கடை மேசை டிராயரில் இருந்தது.