சாயாமல் திரும்புவது

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் மூன்று சக்கர சைக்கிள் முதலில் கஷ்டம். தெரியாதவர்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வாங்கியிருக்கும் பேட்டரி மூன்று சக்கர சைக்கிளில் ஏறிய சிறிது நேரத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. அக்கா அறுபதைத் தாண்டியவர். சைக்கிள் பழகாதவர். ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவர் விடியற்காலையில் சித்திரை வீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிதானமாக இறங்கினார். பள்ளிக்கூட நாளிலிருந்து சைக்கிள் மிதித்த நான் ஏறியதும் வண்டி இடப்பக்க ஓரத்தை நோக்கியே போயிற்று.

"வண்டி விழாதுடா. நேரா உட்காரு. ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புறியோ அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான்" என்றார் அக்கா, பக்கத்தில் நடந்தபடியே.

அந்த 'அவ்வளவுதான்' என் உடம்புக்கு ஏற நேரம் பிடித்தது. நம் தார்ச்சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். இரண்டு சக்கர சைக்கிளில் இந்தச் சரிவு நமக்குத் தெரிவதே இல்லை. சாலை எப்படிச் சரிந்தாலும் வண்டியும் நாமும் நேராக நிற்கிறோம். மூன்று சக்கரம் சாலையோடு சேர்ந்து சாயும். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் அது எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். சைக்கிள் பழகிய உடம்பு உடனே 'விழுகிறோம்' என்று முடிவுகட்டுகிறது. சைக்கிளில் எந்தப் பக்கம் விழப்போகிறோமோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் வண்டி நிமிரும். சிறு வயதில் கற்ற அந்தப் பாடத்தைக் கைகள் இங்கேயும் செய்கின்றன. ஆனால் இங்கே நிமிர்வதற்கு ஒன்றுமில்லை. திருப்பிய பக்கம் வண்டி போகிறது, அதாவது ஓரத்துக்கு. ஓரத்தில் சரிவு இன்னும் அதிகம் என்பதால் பயமும் அதிகமாகிறது, கை இன்னும் திரும்புகிறது. இந்தப் பழக்கத்துக்கு மருந்து, ஆளில்லாத அகலமான சாலையின் நடுவில் மெதுவாக ஓட்டிப் பழகுவதுதான். தேர் ஓடுவதற்காக அகலமாக விட்ட வீதிகள் இதற்கு நல்ல இடம்.

திருப்பங்களில்தான் உண்மையான கவனம் வேண்டும். இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது உட்பக்கமாகச் சாய்ந்து, வெளியே தள்ளும் விசையைச் சமன்செய்துகொள்கிறது. சாதாரண மூன்று சக்கர சைக்கிளால் அப்படிச் சாய முடியாது. அந்த விசை முழுவதும் நம்மை வெளிப்பக்கம் தள்ளும். கணக்கு எளிது. 5 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பக்கவாட்டு விசை நம் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. வேகத்தை 20 ஆக்கினால் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. எடையில் பத்தில் ஆறு பங்குக்கும் மேல். உயரமான சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளை, முக்கால் மீட்டர் அகலமுள்ள பின்சக்கரங்கள் அந்த விசைக்கு எதிராகத் தாங்கிப் பிடிக்க முடியாது. உட்பக்கச் சக்கரம் எழும்பிவிடும்.

ஆகவே விதி ஒன்றே ஒன்று: வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைக்க வேண்டும், திருப்பத்தில் அல்ல. இடுப்புக்கு மேலே உடம்பை உட்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் இன்னும் நல்லது. காய்கறியோ அரிசியோ, கனமானதைப் பின்கூடையின் அடியில் வைக்க வேண்டும். ஹேண்டில்பாரில் பை மாட்டினால் முன்சக்கரத்தைத் திருப்புவதே சிரமம்.

ஜப்பானில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். அங்கே விற்கும் பல மூன்று சக்கர சைக்கிள்களில் பின்சக்கரங்கள் தரையோடு இருக்க, முன்பகுதியும் சீட்டும் மட்டும் சாயும் இணைப்பு உண்டு. சாய வேண்டாம் என்றால் பூட்டிக்கொள்ளலாம். மிதிப்பதற்கு மோட்டார் உதவி தரும் சைக்கிளை யமஹா நிறுவனம் அங்கே 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதியவர்களும் குழந்தைகளை ஏற்றிச்செல்லும் தாய்மார்களும் அதை அன்றாட வண்டியாக்கிக்கொண்டார்கள்.

மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 250 வாட் என்றால் கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பயிற்சியில்லாத ஒரு மனிதர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது சுமார் 75 முதல் 100 வாட்தான். தன்னைப்போல் இரண்டு மூன்று பேரைக் கூடவே மிதிக்க வைத்தமாதிரி இருக்கும். அக்காவின் வண்டியில் மோட்டார் முன்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. பெடல் சுழல ஆரம்பித்தவுடன் உள்ளிருக்கும் சென்சார் அதை உணர்ந்து மோட்டாரை ஓட்டுகிறது. இதில் ஒரு ஆபத்து உண்டு. நின்ற நிலையில் பெடலில் அசட்டையாகக் கால் வைத்து அழுத்தினால் வண்டி முன்னே பாயும். ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக்கைப் பிடித்தே இருக்க வேண்டும். நல்ல வண்டிகளில் பிரேக் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் அதில் அடங்குவது 360 வாட்-மணி. வீட்டு மீட்டரில் அரை யூனிட்டுக்கும் குறைவு. கடைக்கும் கோயிலுக்கும் காவிரிக் கரைக்கும் போய்வருபவருக்கு இது தாராளம்.

மூன்று சக்கரத்தில் மோட்டார் வைப்பது புதிய யோசனை அல்ல. 1881இல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர், இங்கிலாந்துத் தயாரிப்பான ஒரு மூன்று சக்கர சைக்கிளில் சிறிய மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தித் தெருவில் ஓட்டிக் காட்டினார். கார்ல் பென்ஸின் பெட்ரோல் வண்டிக்கு அது நான்கைந்து ஆண்டுகள் மூத்தது. அதே 1881இல் விக்டோரியா மகாராணி, கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி வடிவமைத்த மூன்று சக்கர சைக்கிள்களை வாங்கினார். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றபடியே வண்டியை இழுக்க வைக்கும் டிஃபரென்ஷியல் பற்சக்கர அமைப்பை 1877இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர் அந்த ஸ்டார்லிதான். இன்று கார்களின் அடியில் இருப்பதும் அதே தத்துவம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மூன்று சக்கரம் மதிப்பான வண்டி. ஆளுயர முன்சக்கரம் கொண்ட அந்நாளைய சைக்கிளில் ஏறி விழுவது இளைஞர்களின் சாகசம். நீள உடை அணிந்த பெண்களும் வயதானவர்களும் மூன்று சக்கரத்தில் போனார்கள்.

நம் ஊரில் அந்த மதிப்பு அதற்கு இல்லை. மூன்று சக்கரம் என்றால் மீன்பாடி வண்டி, இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் வண்டி என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. இரண்டிலும் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பதிவு பல முதியவர்களை வீட்டுக்குள்ளேயே உட்கார வைக்கிறது. அக்கா இதை வாங்கப்போவதாகச் சொன்னபோது வீட்டில் முதலில் வந்த கேள்வி பணத்தைப் பற்றியோ பாதுகாப்பைப் பற்றியோ அல்ல, "தெருவில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வியின் மேல் கோபம் வந்தது, இன்றும் தீரவில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஒரு மாத்திரை அட்டைக்கும் ஒரு முழம் பூவுக்கும் யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இந்த ஊரில் நிறைய. அவர்கள் தெருவின் பார்வைக்கு அஞ்சி வெளியே போகாமல் இருப்பது என்ன நியாயம்?

ஓட்டிப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தது அதன் வேகம் அல்ல, வேகமின்மை. சைக்கிள் நடையை விட மெதுவாகப் போனால் தள்ளாடும். நிறுத்தினால் கால் ஊன்றியே ஆக வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் பயப்படுவது அந்த ஊன்றலுக்குத்தான். இதில் காலைப் பெடலிலிருந்து எடுக்காமலே நிற்கலாம். பூக்காரரிடம் சீட்டில் உட்கார்ந்தபடியே விலை பேசலாம். முன்னால் பசுமாடு நின்றால் அது நகரும் வரை காத்திருக்கலாம். கூட்டத்தில் நடப்பவர் பின்னால் அவர் நடைக்கே போகலாம். அக்கா பல வருடங்களாகப் பேசாத ஒரு பள்ளித் தோழியின் வாசலில் நின்று, இறங்காமலே வெகுநேரம் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

சிரமங்களும் இருக்கின்றன. மூன்று சக்கரங்கள் மூன்று தடத்தில் போவதால் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் தப்பினாலும் பின்சக்கரம் இறங்கும். வேகத்தடையில் நேராக ஏற வேண்டும். கோணலாக ஏறினால் வண்டி ஒருபக்கமாகத் தூக்கிப்போடும். மணல் கிடக்கும் ஏற்றத்தில், எடை குறைவான முன்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் சக்கரம் வெறுமனே சுழலும். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை வீட்டு வாசல். இத்தகைய வண்டி 35, 40 கிலோ இருக்கும். பழைய வீடுகளின் படிகளில் அதைத் தூக்கி வைக்க யாரால் முடியும்? அக்கா கொல்லனிடம் சொல்லி ஒரு இரும்புச் சாய்வுப்பலகை செய்து வாங்கியிருக்கிறார்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் வாசற்கதவின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஓட்டப்போகிறவரையே கூட்டிச் செல்லுங்கள். அவர் சார்பில் மகனோ மருமகளோ ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. உட்கார்ந்தால் கால் தரையைத் தொடும் உயரத்துக்குச் சீட்டை இறக்கச் சொல்லுங்கள். கடை வாசலில் நேர்கோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டாம். இடப்பக்கம் ஒரு திருப்பம், வலப்பக்கம் ஒரு திருப்பம், ஒரு சரிவில் நிறுத்திப் பார்க்கிங் பிரேக் போட்டு இறங்கி ஏறுவது, இவ்வளவும் செய்து பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.