சிறு காரின் பின்னே ஒரு சிறு வீடு

குடும்பத்தோடு ஊர் காணப் புறப்படுவோர்க்கு இருவகைச் செலவுகள் உண்டு. ஒன்று வழிச்செலவு, மற்றொன்று தங்குமிடத்திற்கு ஆகும் செலவு. பின்னதைக் குறைப்பதற்கு மேலை நாட்டார் கண்ட வழிகளுள் ஒன்று, தங்கும் வீட்டையே காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வதாகும். கேரவன் என்று வழங்கப்பெறும் அந்தச் சக்கர வீட்டில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கும். மாலையில் ஓர் ஓடைக்கரையிலோ கடற்கரையிலோ வண்டியை நிறுத்தினால் அதுவே அன்றைய இல்லம்.

பொழுதுபோக்குப் பயணத்திற்கென்றே கட்டப்பெற்ற கேரவன்களில் முதலாவதாகப் பலரும் குறிப்பிடுவது, 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவான ‘வாண்டரர்’ என்பதாகும். கடற்படை மருத்துவராயிருந்து பின்னர் எழுத்தாளரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் அதனைச் செய்வித்தார். ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள அதனை இரண்டு குதிரைகள் இழுத்தன. முதல் உலகப்போருக்குப் பின், 1919-இல், எக்கல்ஸ் நிறுவனத்தார் மோட்டார் காரால் இழுக்கத்தக்க கேரவன்களைச் செய்யத் தொடங்கினர். எனினும் நெடுங்காலம் அது செல்வர்களின் உடைமையாகவே இருந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே நிலை மாறியது. நடுத்தரக் குடும்பத்தார் சிறு கார்களை வாங்கலாயினர். அவர்களுக்கேற்ற எளிய, விலை குறைந்த கேரவனாக 1949-இல் சாம் ஆல்ப்பர் என்பவர் ‘ஸ்பிரைட்’ என்பதனை வெளியிட்டார். ஜெர்மனியில் 1957-ஆம் ஆண்டில், விமானப் பொறியாளராகிய எரிக் பாகெம் என்பவரும் எர்வின் ஹைமர் என்பவரும் சேர்ந்து ‘எரிபா’ கேரவனை உருவாக்கினர். எஃகுக் குழாய்களால் ஆகிய சட்டம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, தங்கும்போது மட்டும் உயர்த்திக்கொள்ளும் கூரை ஆகியவை அதன் சிறப்புகள். எடையும் குறைவு; ஓடும்போது உயரமும் குறைவு. முப்பது குதிரைத்திறனே உடைய அக்காலத்து வோல்க்ஸ்வாகன் போன்ற கார்கள் இழுத்துச் செல்லத்தக்க வீடு இவ்வாறு பிறந்தது.

எனினும், ‘என் சிறிய கார் இதனை இழுக்குமா?’ என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகின்றது. வினவுவோர் பெரும்பாலும் எஞ்சினின் ஆற்றலையே மனத்திற்கொண்டு வினவுகின்றனர். உண்மை யாதெனின், கேரவன் பூட்டிய காருக்கு மூன்று கடமைகள் உள்ளன. இழுக்கவேண்டும், நிலைகுலையாமல் ஓடவேண்டும், வேண்டிய இடத்தில் நிற்கவேண்டும். இம்மூன்றனுள் எளியது இழுப்பதே.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். பத்து மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதில் 700 கிலோ எடையுள்ள கேரவனை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றுவதற்குக் கூடுதலாக வேண்டப்படும் ஆற்றல் ஏறத்தாழ 9 குதிரைத்திறனே ஆகும். வேகத்தை இருமடங்காக்கினால் ஆற்றலும் இருமடங்கு வேண்டும். ஆற்றல் குறைந்த கார் மெல்ல ஏறும், அவ்வளவே. பொறுமையுடையார்க்கு அது குறையன்று. ஆனால் பிரேக்கில் ஏற்படும் குறையைப் பொறுமையால் ஈடுசெய்ய இயலாது.

ஆகவே முதலில் ஆராயவேண்டுவது எடை. கேரவன் விற்பனைக் குறிப்பில் காணப்படுவது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. சாலையில் ஓடுவதோ ஏற்றிய வண்டி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாற்பது லிட்டர்த் தொட்டி நிறைந்தால் நாற்பது கிலோ. எரிவாயு உருளை, மின்கலம், மெத்தை விரிப்புகள், பாத்திரங்கள், அரிசி பருப்பு, நாற்காலிகள், குழந்தைகளின் மிதிவண்டிகள் என ஒவ்வொன்றாகச் சேரும்போது, நால்வர் குடும்பத்திற்கு 150 கிலோ எளிதில் ஏறிவிடும். எந்தப் பொருளும் தனியே பார்த்தால் சுமையாகத் தோன்றாது. அதிலேதான் ஆபத்து உள்ளது.

பிரிட்டனில் உள்ள கேரவன் சங்கத்தார், புதிதாக இழுக்கத் தொடங்குவோர்க்கு ஓர் அளவைப் பரிந்துரைக்கின்றனர். ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேற்படலாகாது என்பதே அது. 1,000 கிலோ எடையுள்ள காருக்கு 850 கிலோவே உச்ச அளவு. இஃது அறிவுரையே, சட்டமன்று. கார் செய்தோர் வகுத்த எல்லை இதனினும் குறைவாயின் அந்தக் குறைந்த எல்லையே செல்லும். தனக்கெனப் பிரேக் இல்லாத இழுவண்டியாயின் அந்நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. 750 கிலோ, அல்லது காரின் எடையில் பாதி, இவற்றுள் எது குறைவோ அதுவே எல்லை. மேலும், காரையும் கேரவனையும் அவற்றிலுள்ள மக்களையும் பொருள்களையும் கூட்டிய மொத்த எடைக்கும் தனி எல்லை ஒன்று உண்டு. அதனை மறந்துவிட்டுக் காரின் பின்னறையை நிரப்புவோர் பலர்.

எடை எவ்வளவு என்பது போலவே, அஃது எங்கே இருக்கின்றது என்பதும் முதன்மையானது. இதனை நம் நாட்டு மாட்டுவண்டிக்காரர்க்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். ஆதலால் மூட்டைகளை முன்னும் பின்னும் தள்ளி வைத்துப் பாரத்தை ஒத்துக்கொண்ட பின்னரே அவர் வண்டியை ஓட்டுவார். கேரவனுக்கும் இதே நீதி பொருந்தும். அதன் முன்முனை காரின் பின்னுள்ள இரும்பு உருண்டையின்மீது அமர்கின்றது. அம்முனை கீழ்நோக்கி அழுத்தும் எடை, ஏற்றிய கேரவனின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு இருத்தல் நன்று என்பது பிரிட்டனில் வழங்கும் கணக்கு. 800 கிலோ கேரவனுக்கு இது 40 முதல் 56 கிலோ ஆகும். அமெரிக்க நாட்டு வழக்கில் இது 10 முதல் 15 பங்கு வரை செல்லும். அங்குள்ள வண்டிகளின் அமைப்பு வேறு. எவ்வாறாயினும், காரின் இணைப்புக்கு விதித்துள்ள எல்லையை மீறலாகாது.

முன்பாரம் மிகுந்தால் காரின் பின்புறம் தாழும்; முன்சக்கரங்கள் சாலையை அழுந்தப் பற்றமாட்டா; திருப்புவது தளரும். முன்பாரம் குறைந்தால் கேரவனின் வால் அலையத் தொடங்கும். இவ்வெடையை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சமதரையில் கேரவனை நிறுத்திச் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, இணைப்பு முனையின் கீழ் உரிய உயரத்திற்கு ஒரு மரத்துண்டை நாட்டி, அதனை வீட்டில் நாம் ஏறி நின்று எடை பார்க்கும் கருவியின்மேல் நிறுத்தினால் போதும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. காவடித் தண்டின் இரு முனைகளிலும் பாரம் தொங்க, அதனைத் தோளில் தாங்கி நடப்பவர் சட்டெனத் திரும்ப இயலாது. திரும்பத் தொடங்கிய தண்டை உடனே நிறுத்துவதும் எளிதன்று. அதே பாரம் தோளருகே இருந்தால் இத்தொல்லை இல்லை. கேரவனின் முன்கோடியில் ஒரு மூட்டையும் பின்கோடியில் ஒரு மூட்டையும் வைத்து முன்பாரத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று மகிழ்வது இதனாலேயே தவறு. கணக்குச் சரியாயிருக்கும், ஆட்டம் பிறந்தால் அடங்காது. கனமான பொருள்களை அச்சின்மேல், தரையோடு தரையாக வைக்கவேண்டும். மேலடுக்குகளில் உடையும் துண்டும் போதும்.

இவ்வளவும் கூறுவது, கேரவன் ஓட்டுவோர் அனைவரும் அஞ்சும் ஒரு நிகழ்ச்சியைத் தவிர்ப்பதற்காகவே. பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும்போதும், பக்கக்காற்று வீசும்போதும், இறக்கத்தில் வேகம் மிகும்போதும் கேரவன் பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் அசையத் தொடங்கும். குறைந்த வேகத்தில் அவ்வசைவு தானே ஓயும். ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல், ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகும். இறுதியில் காரையும் புரட்டிவிடும். அந்த வேகத்தின் அளவு, பாரம் ஏற்றிய முறையையும் இரு வண்டிகளின் எடையையும் பொறுத்தது. அசைவு தோன்றியவுடன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் சக்கரத்தை நேராகப் பற்றிக்கொண்டு வேகம் தணியும்வரை பொறுத்தலே தக்கது. வேகத்தைக் கூட்டி அடக்க முயல்வதும், பிரேக்கைத் திடீரென மிதிப்பதும், திருப்பித் திருப்பி எதிர்க்க முற்படுவதும் கேட்டையே விளைவிக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் இவ்வசைவை உணர்ந்து தாமே பிரேக் இடும் மின்னணுக் கருவிகள் உள்ளன. அவை துணை செய்யும். ஆனால் தவறாக ஏற்றிய பாரத்தைச் சரியாக்கமாட்டா.

இனி, நிறுத்துதல். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டராக வேகம் உயர்ந்தால், அடக்கவேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகின்றது. பிரிட்டனில் கேரவன் பூட்டிய கார்களுக்கு ஒருவழித் தடம் பிரிக்கப்படாத சாலைகளில் மணிக்கு 50 மைலும், நெடுவழிகளில் 60 மைலும் எல்லையாக விதித்திருப்பது இதுபற்றியே. ஐரோப்பியக் கேரவன்களில் பிரேக் அமைப்பு எளிமையானது. கார் வேகம் தணியும்போது பின்னேயுள்ள கேரவன் முன்னோக்கி உந்துகின்றது; அவ்வுந்துதலே இணைப்புத் தண்டை உள்ளே தள்ளிக் கேரவனின் பிரேக்குகளை இறுக்குகின்றது. இணைப்பு எதிர்பாராது கழன்றுவிட்டால், காரோடு பூட்டிய மெல்லிய கம்பிவடம் ஒன்று கேரவனின் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின் அறுந்துவிடும். அக்கம்பியை மாட்ட மறப்பது, கிணற்றில் இறங்குபவன் கயிற்றைக் கட்ட மறப்பது போன்றதாகும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பியிருந்தால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியரை இட்டு, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கவேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். எஞ்சினின் ஆற்றலும் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு குறையும். 2,757 மீட்டர் உயரமுள்ள ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாயில், காற்றைச் செறித்தூட்டும் டர்போ அமைப்பில்லாத எஞ்சின் தன் ஆற்றலில் கால் பங்கை இழந்திருக்கும். சில வழிகளை விலக்குவதே அறிவு. இங்கிலாந்தின் யார்க்ஷயரில், தேர்ஸ்க் நகருக்குக் கிழக்கே உள்ள சட்டன் பேங்க் என்னும் ஏற்றம் நாலடிக்கு ஓரடி உயர்வது. அங்கே கேரவன்கள் செல்லக்கூடாதென்றே விதித்துள்ளனர். நடுவழியில் கேரவன் ஒன்று நின்றுவிட்டால் சாலை முழுதும் அடைபட்டுவிடும். சுற்றுவழி சில மைல் நீண்டதாயினும் அதுவே குறுகிய வழி.

இவற்றையெல்லாம் கேட்டுச் சிறு கார் உடையோர் மனந்தளர வேண்டுவதில்லை. பெரிய காரை உடையவர் தம் வண்டியின் வலிமையை நம்பி அளவை மறக்கக்கூடும். சிறு காரோ நாள்தோறும் தன் எல்லையை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். உடையவர் செய்யத்தக்கது, தாழ்ந்து குறுகிய, எடை குறைந்த கேரவனைத் தேர்ந்தெடுப்பது. புறப்படுமுன் எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுசென்று நிறுத்துப் பார்ப்பது. எடை மிகுந்திருந்தால் எதை விட்டுச் செல்வது என்று குடும்பத்தார் அங்கேயே முடிவு செய்வது. தண்ணீரைச் சேருமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். நாற்காலி இல்லையேல் பாய் போதும். கேரவனின் பாரத்தைக் காரின் பின்னிருக்கையில் அமர்ந்துள்ள குழந்தைகளின் நலனோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு, எதை வீட்டில் விட்டுச் செல்வது என்பதில் ஐயம் எழாது.