எம்.டெக்கா, எம்.எஸ்-ஸா? சென்னை ஐ.ஐ.டி-க்குக் குறிவைக்கும் ட்ரிபிள் ஈ மாணவர்கள் கவனத்துக்கு!

"எம்.எஸ்-னா அமெரிக்கா போய்ப் படிக்கிறதுதானே? அடையாறுலயே இருக்கா?"

சித்தப்பா போனில் கேட்ட கேள்வி இது. வேலூரில் ட்ரிபிள் ஈ கடைசி வருடம் படிக்கும் அவர் மகளுக்கு, சென்னை ஐ.ஐ.டி-யின் எலெக்ட்ரிக்கல் துறையிலிருந்து எம்.எஸ் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. கையில் ஒரு ஐ.டி வேலை இருக்கிறது. தலைமேல் கல்விக்கடனும் இருக்கிறது. எம்.டெக் என்றால்கூட சித்தப்பாவுக்குப் புரிந்திருக்கும். இது என்ன எம்.எஸ்?

இந்தக் குழப்பம் பல வீடுகளில் உண்டு. இரண்டுமே முதுகலைப் பட்டம்தான், ஒரே துறைதான். படிக்கும் விதம்தான் வேறு.

எம்.டெக் இரண்டு வருடம். முதலில் பாடங்கள், பிறகு புராஜெக்ட். பவர் சிஸ்டம்ஸ், வி.எல்.எஸ்.ஐ, கம்யூனிகேஷன் எனப் பிரிவைத் தேர்ந்தெடுத்துச் சேரலாம். 'கேட்' மதிப்பெண்தான் எல்லாமே. நேர்முகத் தேர்வு கிடையாது.

எம்.எஸ் என்பது ஆராய்ச்சிப் பட்டம். பாடங்கள் குறைவு. ஒரு பேராசிரியரிடம் சேர்ந்து ஒரே சிக்கலை ஆராய்ந்து, ஆய்வேடு எழுத வேண்டும். இரண்டில் தொடங்கி மூன்று வருடம்கூட ஆகலாம். கேட் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் உண்டு. அங்கே மின்சுற்று, லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு என அடிப்படையைத்தான் தோண்டுவார்கள். மனப்பாடம் உதவாது. பிடித்துப்போனால் அப்படியே பி.எச்டி-க்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு.

சரி, பணம்? கேட் மூலம் உதவித்தொகையோடு சேரும் எம்.டெக், எம்.எஸ் மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய். சும்மா இல்லை, வாரத்துக்கு 8 மணி நேரம் லேப், விடைத்தாள் திருத்தம் என வேலை செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், இது கைச்செலவுக்குக் கைகொடுக்கும். பழைய கடனை அடைக்கப் போதாது. மேற்படிப்பில் சேர்ந்ததற்கான சான்றைக் காட்டி, தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எம்.டெக்குக்கு விண்ணப்பிப்பவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஐ.ஐ.டி-க்கு விண்ணப்பித்தால் மட்டும் போதாது, 'கோஆப்' இணையதளத்திலும் பதிவு செய்ய வேண்டும். இட ஒதுக்கீடு அதில்தான் வரும். கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் கையைவிட்டுப் போய்விடும்.

ஐ.ஐ.டி கிடைக்காவிட்டால்? அதே சர்தார் படேல் சாலையில் இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஹை வோல்டேஜ் இன்ஜினீயரிங், பவர் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற எம்.இ படிப்புகள் இருக்கின்றன. கேட் எழுதாதவர்களும் 'சீட்டா' நுழைவுத்தேர்வு மூலம் சேரலாம். ஆனால், கேட் தகுதியோடு சேர்பவர்களுக்குத்தான் ஏ.ஐ.சி.டி.இ தரும் மாதம் 12,400 ரூபாய். ஆகவே, கேட் எழுதிவிடுவதே நல்லது. அந்த மதிப்பெண் 3 வருடம் செல்லும். பொதுத்துறை மின் நிறுவனங்களின் வேலைக்கும் கைகொடுக்கும்.

தங்கை நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். மின்சுற்றில் ஆரம்பித்து நிகழ்தகவில் முடித்தார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. வேலையில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு, அந்த ஐ.டி கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள்.