கொடுத்துவிட்டுப் பறிக்கும் காற்று

தரையிறங்க வரும் விமானத்தின் வேகம் திடீரென்று தானாகவே கூடினால் விமானி நிம்மதி அடையக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்தப் பாடத்தைக் கற்பதற்குள் நிறைய உயிர்கள் போய்விட்டன. 1964 முதல் 1985 வரை அமெரிக்காவில் மட்டும் 26 பெரிய விமான விபத்துகளில் இப்படி வேகத்தைக் கொடுத்துவிட்டுப் பறிக்கும் காற்றுக்குப் பங்கு இருந்தது; அவற்றில் 620 பேர் இறந்தார்கள்.

விமானத்தைத் தாங்குவது தரையைக் கடக்கும் வேகம் அல்ல, இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம். ஒரு ஜெட் விமானம் 140 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டரில் இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே 25 நாட் காற்று அடிக்கத் தொடங்குகிறது. வேகமானி 165 காட்டுகிறது. விமானமும் இறங்க வேண்டிய பாதையை விட்டு மேலே எழும்புகிறது. விமானி இன்ஜின் விசையைக் குறைத்து 140-க்குக் கொண்டுவருகிறார். தரையைக் கணக்கில் எடுத்தால் இப்போது அவர் வேகம் 115 தான். அடுத்த சில விநாடிகளில் அதே 25 நாட் காற்று பின்னாலிருந்து அடித்தால்? மானி 90-க்கு விழும். அந்த வேகத்தில் அந்த விமானத்தால் பறக்க முடியாது. உடனே முழு விசை கொடுக்கலாமே என்றால், குறைந்த சுழற்சியில் இருக்கும் ஜெட் இன்ஜின் வேகம் பிடிக்கவே சில விநாடிகள் வேண்டும். தரை நெருங்கிவிட்ட நேரத்தில் கையில் இருப்பதும் அந்தச் சில விநாடிகள்தான்.

காற்று இப்படிச் சட்டென்று மாறுவதை விமானிகள் விண்ட்ஷியர் என்பார்கள். அதில் மிகப் பொல்லாதது மைக்ரோபர்ஸ்ட். இடிமேகத்திலிருந்து இறங்கும் மழையில் ஒரு பகுதி வழியிலுள்ள வறண்ட காற்றில் ஆவியாகிறது. அதனால் காற்று குளிர்ந்து, கனத்து, மழையோடு சேர்ந்து கீழே பாய்கிறது. குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்து நாலாபக்கமும் சிதறுமே, அப்படித் தரையில் மோதிப் பரவுகிறது. இதன் குறுக்கே போகும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று, நடுவில் கீழே அமுக்கும் காற்று, கடைசியில் பின்காற்று. அகலம் 4 கிலோமீட்டருக்குள். ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். சில சமயம் மழை தரைக்கே வந்து சேராது, காற்று மட்டும் வந்துவிடும்.

இதைக் கண்டறிந்தவர் விமானி அல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொர்னேடோக்களை ஆராய்ந்த டெட் ஃபுஜிதா, 1920-இல் ஜப்பானில் பிறந்தவர். 1945 ஆகஸ்டில் அவர் வேலை பார்த்த கோகுரா பகுதிதான் இரண்டாவது அணுகுண்டின் முதல் இலக்கு. அன்று மேகமும் புகையும் மூடியிருந்ததால் குண்டு நாகசாகிக்குப் போனது. பின்னர் அங்கே ஆய்வுக்குச் சென்றவர், வெடித்த இடத்தை மையமாக வைத்து மரங்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்ததைக் கவனித்தார். 1974-இல் அமெரிக்காவில் டொர்னேடோ நாசத்தை விமானத்திலிருந்து பார்வையிட்டபோது, ஓரிடத்தில் மரங்கள் அதே நட்சத்திர வடிவில் விழுந்து கிடந்தன. சுழன்றடிக்கும் காற்று மரங்களை அப்படிச் சாய்க்காது. மேலிருந்து எதுவோ அடித்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே அந்த ஊகத்துக்கு வேலை வந்தது. 1975 ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் போயிங் 727, ஓடுபாதைக்கு முன்னாலுள்ள வழிகாட்டி விளக்குக் கம்பங்களில் மோதி நொறுங்கியது. 124 பேரில் 113 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்னர் இறங்கிய ஒரு சரக்கு விமானத்தின் கேப்டன், ஓடுபாதையை மாற்றுங்கள் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார். இன்னொரு விமானம் இறங்கும் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பியிருந்தது. ஃபுஜிதா அந்த நேரத்து விமானப் பதிவுகளை ஒப்பிட்டு, இது சிறிய பரப்பில் கீழே பாய்ந்த காற்றின் வேலை என்றார். சக வானிலை அறிஞர்கள் பலர் நம்பவில்லை. 1978-இல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடார்களை நிறுத்தி அவர் காத்திருந்தார். மைக்ரோபர்ஸ்டுகள் ரேடாரில் சிக்கின.

ஆனால் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதை டல்லாஸ் காட்டியது. 1985 ஆகஸ்ட் 2. டெல்டா நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானம் இறங்கி வருகிறது. எதிரே உள்ள மேகத்தில் மின்னல். முன்னால் சென்ற சிறிய ஜெட் அதே மழைக்குள் புகுந்து பத்திரமாக இறங்கிவிட்டது. துணை விமானி ஓட்டுகிறார். வேகம் கூடுகிறது. வேகத்தைக் கவனி, எல்லாம் ஒரே அடியாகப் போய்விடும் என்று கேப்டன் எச்சரிக்கிறார். என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது! ஆனாலும் இறக்கம் தொடர்ந்தது. ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் முன்னாலேயே வயலில் தரைதட்டி, நெடுஞ்சாலையில் ஒரு காரை மோதி, தண்ணீர்த் தொட்டிகளில் இடித்தது. இறந்தவர்கள் 137 பேர். காரில் வந்தவரும் அவர்களில் ஒருவர். விமானத்தில் இருந்த வானிலை ரேடார் மழையைக் காட்டியது. காற்றைக் காட்டும் திறன் அதற்கு இல்லை.

இப்போதைய ரேடார் மழைத்துளிகள் நகரும் திசையையும் பார்க்கிறது. ஒரு பக்கத் துளிகள் விமானத்தை நோக்கி வருகின்றன, அப்பால் உள்ளவை விலகிப் போகின்றன என்றால் நடுவில் மைக்ரோபர்ஸ்ட். உள்ளே போவதற்கு முன்பே எச்சரிக்கைக் குரல் ஒலிக்கும். ஏற்கெனவே சிக்கிக்கொண்டால் ‘விண்ட்ஷியர்’ என்று மூன்று முறை அலறும். அப்போது செய்ய வேண்டியதை விமானிகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்: முழு விசை, மூக்கை ஏறத்தாழ 15 பாகைக்குத் தூக்குவது. சக்கரத்தைத் தொடவே கூடாது. வழக்கமாக இறங்காமல் மேலேறும்போது சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், கை தானாக அங்கே போகும். ஆனால் சக்கர அறையின் கதவுகள் திறந்து மூடும் நேரத்தில் காற்றுத்தடை கூடும். அந்தச் சிறு நஷ்டத்தைக்கூட அப்போது தாங்க முடியாது. இந்த விதியை எழுதியவர்கள் எத்தனை விபத்து அறிக்கைகளைப் படித்திருப்பார்களோ!

1994-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் 37 பேர் இறந்த விபத்துக்குப் பின், அந்த நாட்டில் மைக்ரோபர்ஸ்டில் சிக்கிப் பெரிய பயணிகள் விமானம் எதுவும் விழவில்லை. இதற்குக் கருவிகள் ஒரு காரணம். இறங்காமல் மேலேறிப் போவதைத் தோல்வியாகக் கருதாத பழக்கம், என் கணிப்பில், அதைவிடப் பெரிய காரணம். இந்த ‘கோ-அரவுண்ட்’ முடிவுக்காக விமானியைக் குறைசொல்லக் கூடாது என்பது இன்று பல நிறுவனங்களில் எழுதிவைத்த கொள்கை. ஃபெஞ்சல் புயலன்று, 2024 நவம்பர் 30-இல், சென்னை ஓடுபாதையை ஒட்டி வந்து தள்ளாடிய இண்டிகோ விமானம் மறுபடி மேலே ஏறிய வீடியோவைப் பலர் பதறிப்போய்ப் பகிர்ந்தார்கள். அங்கே மைக்ரோபர்ஸ்ட் இல்லை, புயற்காற்றுதான். ஆனால் பதற வைத்த அந்த ஏற்றம்தான் விமானிகள் சரியாகச் செய்த காரியம்.

இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்ற கணக்கு புறப்படும் முன்பே போடப்பட்டுவிடும். மாற்று நிலையம்வரை போகவும், அதற்கு மேல் 30 நிமிடம் வானில் காத்திருக்கவும் எரிபொருள் இருக்கும். சென்னைக்கு வந்தவர்கள் பெங்களூருவில் இறங்கி, பக்கத்துக் கம்பெனி விமானம் மட்டும் சென்னையில் எப்படி இறங்கியது என்று பணியாளரிடம் சண்டை பிடிப்பார்கள். அது பத்து நிமிடம் முன்னதாக வந்திருக்கும்.