வள்ளத்து எஞ்சினுக்கு மூச்சு முட்டியது

எங்கள் தெருவுக்குப் பின்னால் கரமனை ஆறு ஓடுகிறது. அகத்தியமலைப் பக்கம் பிறந்து, எங்களூரைத் தொட்டுக்கொண்டு, திருவல்லம் தாண்டிக் கடலில் சேர்கிற ஆறு. போன விடுமுறையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு அதன் கழிமுகத்துக்குப் போயிருந்தேன். பக்கத்திலேயே பூந்துறை. மீன்பிடிக்கிற வள்ளங்கள் மணலில் வரிசையாகக் கிடந்தன.

ஒரு வள்ளம் மட்டும் தண்ணீரில் நின்றுகொண்டு பாடாய்ப் படுத்தியது. கயிற்றை இழுத்தால் எஞ்சின் உடனே கிளம்பும். மூன்று நான்கு நிமிஷம் நன்றாக ஓடும். அப்புறம் இருமும், திணறும், நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

"மாமா, நம்மாத்து ஸ்கூட்டர் பெட்ரோல் தீர்ந்தா இப்படித்தான் இருமும். இதுலயும் தீர்ந்துடுத்தா?" என்றான் பையன்.

நல்ல கேள்விதான். ஆனால் டேங்க் நிறைய எரிபொருள் இருந்தது. டேங்கில் இருப்பது வேறு, எஞ்சினுக்குப் போய்ச் சேர்வது வேறு அல்லவா?

மெக்கானிக் சேட்டன் ஒருவர் வந்தார். ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய பல்பு ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தார். உப்பலாக இருக்க வேண்டிய பல்பு, உறிஞ்சித் தீர்த்த மாம்பழம் போல ஒட்டிக் கிடந்தது. உடனே டேங்க் மூடியின் மேலுள்ள சின்னத் திருகை இரண்டு சுற்று தளர்த்தினார். 'ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். காற்று டேங்குக்குள் புகுந்த சத்தம் அது. அதற்கப்புறம் எஞ்சின் நிற்கவே இல்லை.

என்ன நடந்தது? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஆணியால் சின்னதாக ஓர் ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்குங்கள். சில சொட்டு விழும், பிறகு நின்றுவிடும். மூடியைத் தளர்த்துங்கள், சர்ரென்று பீய்ச்சும். மில்க்மெய்ட் டின்னில் அம்மா எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டை போடுவதும் இதற்காகத்தான். ஒன்று பால் வெளியே வர, இன்னொன்று காற்று உள்ளே போக.

நம்மைச் சுற்றியுள்ள காற்று சும்மா இருப்பதில்லை. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோ எடை அளவுக்கு அழுத்திக்கொண்டே இருக்கிறது. எஞ்சினின் பம்பு எரிபொருளை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் பம்பு தன் பக்கம் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். டேங்குக்குள் இருக்கும் காற்றுதான் எரிபொருளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. திருகு மூடியிருந்தால் புதுக்காற்று உள்ளே வராது. எரிபொருள் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்று விரிந்து பலம் இழக்கும். ஒரு கட்டத்தில் தள்ள முடியாமல் போகும். அதற்கு ஆகும் நேரம்தான் அந்த மூன்று நான்கு நிமிஷம்.

வைத்தியர் நாடி பார்ப்பது போல மெக்கானிக் அந்தப் பல்பைப் பிடித்துப் பார்த்தாரே, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பல்பின் இரண்டு முனையிலும் ஒருவழிக் கதவுகள் உண்டு. அமுக்கினால் எரிபொருள் எஞ்சின் பக்கம் மட்டும் போகும். விட்டால் டேங்கிலிருந்து மட்டும் வரும். மேலே ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் ஒரு சொட்டும் போகாது.

பல்பு ஒட்டிக்கொண்டால் கோளாறு டேங்க் பக்கம். எத்தனை தடவை அமுக்கினாலும் கெட்டிப்படவில்லை என்றால் எங்கேயோ காற்று நுழைகிறது. குழாயில் வெடிப்பு இருக்கலாம், இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் எஞ்சின் ஓடுகிறதா? பம்பைச் சந்தேகப்படலாம். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்த மாற்றத்தில் அது துடித்துத் துடித்து எரிபொருளைத் தள்ளும். அது கிழிந்துவிட்டால் அந்த வேலையைக் கைதான் செய்ய வேண்டியிருக்கும்.

பல்பு கெட்டியாக இருந்தும் எஞ்சின் திணறினால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்குமே, அதே ஏற்பாடு அதற்குள் சின்ன அளவில் இருக்கிறது. அங்கிருந்து எரிபொருள் 'ஜெட்' என்ற நுண்துளை வழியாகப் போய்க் காற்றோடு கலக்கும். பல வாரம் ஓட்டாமல் வைத்தால் எரிபொருள் காய்ந்து பிசின் போலத் துளையை அடைக்கும். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதாகி, அளவு கெட்டுவிடும். அதற்கென்று உள்ள திரவத்தில் கழுவி, காற்று ஊதி எடுப்பார்கள்.

டேங்கில் தண்ணீர் கலப்பது இன்னொரு தொல்லை. மழையும் அலையும் உள்ள இடத்தில் சொல்லவே வேண்டாம். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! கண்ணாடி டம்ளரில் தண்ணீரையும் தேங்காய் எண்ணெயையும் ஊற்றிக் கலக்கி வையுங்கள். சற்று நேரத்தில் எது மேலே, எது கீழே என்று தெரியும். பெட்ரோலைத் தொட வேண்டாம், அதன் ஆவி பட்டென்று பற்றிக்கொள்ளும்.

வள்ளத்தின் பின்னால் தொங்கவிடுகிற இந்த மாதிரி எஞ்சினை 1909-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றவர் ஓலே எவின்ரூட், நார்வேயில் பிறந்தவர். எஞ்சினைக் கழற்றி எடுத்துப் போகலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று 2018 ஆகஸ்டில் கேரளம் கண்டது. வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கியபோது பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் வள்ளங்களையும் எஞ்சின்களையும் லாரியில் ஏற்றிச் செங்ஙன்னூர் வரை போனார்கள். கடலில் ஓடியவை தெருக்களில் ஓடி, மாடியில் தவித்த மக்களை மீட்டு வந்தன. அந்த நேரத்தில் ஓர் எஞ்சின் நடுவழியில் இருமி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது பையன் ஒன்றைக் கவனித்தான். கரைக்கு வந்துகொண்டிருந்த வேறொரு வள்ளத்தில், எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன்பு குழாயை மண்ணெண்ணெய் டேங்கிலிருந்து சின்னப் பெட்ரோல் டேங்குக்கு மாற்றினார்கள். "நிறுத்தப் போறச்சே எதுக்கு மாத்தணும்?"

இங்கே பல வள்ளங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன, ஆனால் பெட்ரோலில்தான் கிளம்புகின்றன. பெட்ரோல் உறைகுளிரிலும் பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஓடிச் சூடேறிய எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும், ஆறிய எஞ்சின் மாட்டேன் என்னும். அதனால்தான் கரை நெருங்கியதும் குழாயை மாற்றுகிறார்கள். மறுநாள் விடியுமுன் இருட்டில் கயிற்றை இழுக்கும்போது, கார்புரேட்டருக்குள் தயாராகக் காத்திருப்பது பெட்ரோலாக இருக்க வேண்டும்.