கடலோரச் சாலையில் கண்டறியும் பயணம்

அறுவடை முடிந்து களம் காலியானதும் நாலு குடும்பம் சேர்ந்து வண்டி பேசிக் கோயில்களுக்குப் போய் வருவது கிராம வழக்கம். அதே செலவில் கடலோரச் சாலை வழியாகப் போனால் கண்ணுக்கும் விருந்து. உழவுக்கும் பயன் உண்டு.

ஏற்ற காலம்

ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம் உண்டு. 2018 நவம்பர் 16-ல் வீசிய 'கஜா' புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தை பிற்பகுதி முதல் பங்குனி வரை புறப்படுவது நல்லது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே மூச்சில் ஓட வேண்டாம். மூன்று பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி பார்த்தால் போதும்.

வட பகுதி

மாமல்லபுரத்தில் தொடங்கலாம். மரக்காணம் உப்பளங்கள், கடலூர்ப் பக்கத்துச் சவுக்கு, முந்திரித் தோப்புகள், முடிவில் சிதம்பரம் அருகே பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. 2004-ல் சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கரையில் மரம் நிற்பதன் அருமை அங்கே விளங்கும்.

நடுப் பகுதி

பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை. மாசியில் போனால் கோடியக்கரையில் பூநாரைகளைக் காணலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீர். கடலோர மணலில் மழைநீர் நல்ல நீராக மேலே தங்கும். உவர்நீர் அடியில் இருக்கும். ஆழமில்லாத குட்டையிலும் ஊற்றிலும் அளவாக எடுத்தால் நல்ல நீர் நிலைக்கும். ஆழ்குழாய் இறக்கி அதிகம் இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறிவிடும். ஒருமுறை கெட்ட கிணறு தேறப் பல மழைக்காலம் ஆகலாம். கடலை ஒட்டி நிலம் வைத்திருப்போர் இதை நேரில் பார்த்து வருவது அவசியம்.

தென் பகுதி

இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு இப்போது நல்ல சாலை உண்டு. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். பிறகு தூத்துக்குடி உப்பளங்கள், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மண் தேரிகள், உடன்குடிப் பனைகள், கன்னியாகுமரி.

இராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் உள்ளது. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, தங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்த சீட்டுடன் போனால், உவரைத் தாங்கும் பயிர்கள் பற்றிக் கேட்டு வரலாம்.

புறப்படுமுன்

வீட்டுக்கு ஒருவர் கிளம்பினால் போதும். மற்றவர் மாடு கன்றைப் பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும் முன்பே வண்டி வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்கிவிட வேண்டும்.

வழியில் அழகாயிருக்கிறது என்று தென்னங்கன்றை மண்ணோடு வாங்கி வரக்கூடாது. தஞ்சாவூர் வாடல் நோய்ப் பூசணம் மண்ணில் வாழ்வது. சுருள் வெள்ளை ஈ இலையோடு வருவது. ஒரு கன்றால் ஊர்த் தோப்பே கெடலாம். கண்டதைக் குறிப்பெடுத்து வந்தால் போதும்.