வாபஸ் ஆகியும் சாகாத கட்டுரைகள்

2009-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு மயக்கவியல் நிபுணர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் படித்த மருத்துவர்கள் சிலருக்கு முதலில் உறுத்தியது எண்கள்தான். இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் ரத்தத்தில், அழற்சியைக் காட்டும் ஒரு புரதம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. நிஜ நோயாளிகள் அத்தனை ஒழுங்காக இருக்க மாட்டார்களே! இதழுக்குக் கடிதம் போட்டார்கள். விசாரித்தால், அப்படியோர் ஆய்வு நடந்ததற்கே ஆதாரம் இல்லை. 2010-ல் கட்டுரை வாபஸ்.

அதே நிபுணரின் பழைய கட்டுரைகளைத் தோண்டியபோது இன்னும் பெரிய பூதம் கிளம்பியது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே சான்று இல்லாத 88 கட்டுரைகள்! அவற்றை வாபஸ் வாங்குவதாக 2011-ல் பல இதழ்களின் ஆசிரியர்கள் சேர்ந்து அறிவித்தார்கள்.

அறிவித்தார்கள், சரி. செய்தார்களா? 2013-ல் சிலர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 9 கட்டுரைகள் அசையாமல் அப்படியே இருந்தன. வாபஸான மற்றவற்றிலும் பெரும்பாலானவை முறைப்படி வாபஸ் ஆகவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும், கட்டுரையின் மேலேயே முத்திரை தெரிய வேண்டும், அறிவிப்பை யாரும் காசு கொடுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்றெல்லாம் பதிப்பு நெறிமுறைகள் சொல்கின்றன. ஏட்டுச் சுரைக்காய்!

ஏதோ பேராசிரியர்கள் சண்டை என்று விட்டுவிட முடியாது. அந்த நிபுணர் ஆய்வு செய்ததாகச் சொன்னவற்றில் ஒன்று, உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்கு ட்ரிப்ஸில் ஏற்றிவந்த ஸ்டார்ச் திரவம். உலகெங்கும் நடந்த சோதனைகளை 2013-ல் தொகுத்தபோது, அவருடைய 7 ஆய்வுகளையும் சேர்த்தால் மரண அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. அவற்றை விலக்கியதும் மரணமும் சிறுநீரகச் செயலிழப்பும் கூடுவது தெரிந்தது. தவறான நம்பிக்கையில் எத்தனை பேருக்கு அந்தத் திரவம் ஏறியதோ!

அவசரப்பட்டால் நிரபராதியின் பெயர் கெடும், வழக்கு வரும் என்கிறார்கள் இதழ்காரர்கள். இருக்கலாம். விசாரணை முடியும்வரை ‘சந்தேகத்துக்குரியது’ என்று ஓர் எச்சரிக்கைக் குறிப்பு போட வழி இருக்கிறதே, அதற்கென்ன தடை?

என் பயம் வேறு. இதழ் முத்திரை குத்தினாலும், முன்பே இறக்கிவைத்த பிரதிகளில் அது விழாது. மாணவர் அதைத்தான் படிக்கிறார், மேற்கோள் காட்டுகிறார். அதை நம்பி அடுத்தவர் எழுதுகிறார். வாபஸான கட்டுரைகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சமர்ப்பிக்கும் முன் தங்கள் மேற்கோள்களை அதில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.